கப்பலின் அடிவயிறு

ஆம்புரோஸ் டல்லியின் கையெழுத்து லிவர்பூலையும் வால்பரைசோவையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. ஆம்புரோஸ் டல்லி மட்டும் மான்லி கடற்கரையைத் தாண்டிப் போனதில்லை. அதுவும் கல்யாணமான மறுநாள் வின்னியைக் கூட்டிக்கொண்டு படகில் போனதுதான். துறைமுக வாயருகே அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. வின்னி போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. அதோடு அந்தக் குடும்பத்தின் கடல் யாத்திரை முடிந்தது.

அவர் சிட்னியில், பால்மெயின் பக்கம், கப்பல் பழுது பார்க்கும் துறையில் சாயக்காரர். துறை என்றால் கல்லால் கட்டிய பெரிய குழி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அத்தனை பெரிய உடம்பும் மெல்ல மரக்கட்டைகளின்மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆட்கள் அதன் அடியில் இறங்கிச் சிப்பியும் பாசியும் சுரண்டுவார்கள், துருவைக் கொத்துவார்கள், துரு பிடிக்காமலிருக்கச் செந்தூரம் என்கிற சிவப்பு ஈயப் பூச்சு பூசுவார்கள், அதற்கு மேல் சாயம் பூசுவார்கள். எல்லாம் முடிந்து கப்பல் குளித்துவிட்டு நிற்பதுபோல் நிற்கும்போது, மூக்கின் இரண்டு பக்கத்திலும் பின்புற வளைவிலும் பேரெழுத ஆம்புரோஸைக் கூப்பிடுவார்கள்.

சாரப் பலகையில் தொங்கிக்கொண்டுதான் எழுதுவார். காற்று பலகையை ஆட்டும். ஆட்டம் அந்தப் பக்கம் போகும்போது ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் வரும்போது ஒரு இழுப்பு. நூல் பிடித்துக் கோடு போடுவது கிடையாது, கவராயம் கிடையாது. வட்டமான எழுத்தை ஒரே மூச்சில் சுற்றி முடித்துவிடுவார். அப்படி ஒரு கையை ஆண்டவர் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. அப்படிக் கை கிடைத்தவனையும் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக் குழிக்குள் இறக்கிவிட்டார். அவர் கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

எழுத்து வேலை வாரத்தில் ஒரு நாள் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் எல்லாரோடும் சேர்ந்து சுரண்டல்தான். மத்தியானம் ரொட்டியும் கொழுப்பும் தின்றுவிட்டு மற்றவர்கள் கால் நீட்டும்போது, இவர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கப்பலின் துருப்பிடித்த தகட்டில் படம் போடுவார். தூங்குகிறவன் வாய், கயிறு திரிக்கிறவன் விரல், துறைமுகத்துக்குக் குறுக்கே கட்டுகிற புதுப் பாலத்துக்கு இரும்பு ஏற்றிப் போகிற தோணி. சங்கு ஊதினதும் அந்தப் படத்தின்மேலேயே செந்தூரம் ஏறிவிடும். வருஷக்கணக்காக அவர் போட்ட படங்கள் எல்லாம் சாயத்துக்கு அடியில், யாரும் பார்க்காமல், ஏழு கடலிலும் சுற்றிக்கொண்டிருந்தன.

அவர் இறந்தபோது மாதா கோயில் நிறைய கூட்டம். கல்லறைக்குப் போகிற வழியில் யாரும் கப்பல் பேர்களைப் பற்றிப் பேசவில்லை. எல்லார் வாயிலும் அந்தப் பதாகைதான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம். எட்டு மணி நேர வேலை கிடைத்ததைக் கொண்டாட, அக்டோபர் முதல் திங்கட்கிழமை எல்லாத் தொழிற்சங்கங்களும் நகரத்துத் தெருக்களில் ஊர்வலம் போவது வழக்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் முன்னால் வீட்டுச் சுவர் அகலத்துக்கு ஒரு பதாகை. பால்மெயின்காரர்களின் பழைய பட்டுப் பதாகை முந்தின வருஷத்துக் காற்றில் நடுவில் கிழிந்துவிட்டது. அந்த வருஷம் துறையில் பாதிப் பேருக்கு வேலையில்லை. ஓட்ஸ் கஞ்சியும் அரசாங்கச் சீட்டு ரொட்டியுமாகப் பல வீடுகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் புதுப் பதாகை தேவையா என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“இந்த வருஷந்தான் தேவை,” என்றார் செயலாளர் ஹெக்டர் பர்டி. “நாம போகலன்னா செத்துப்போயிட்டோம்னு முதலாளிங்க முடிவு கட்டிடுவானுங்க.” பர்டி ஸ்காட்லாந்துக்காரர். சிரிப்பதற்குக்கூடத் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று நினைப்பவர். “சிட்டியில பேனர் போடுற ஆளு இருக்கான். எல்லாப் பேனர்லயும் வர்ற தீபம் பிடிச்ச அம்மா, கைகுலுக்கல், கப்பல், எல்லாம் அளவெடுத்த மாதிரி வரைஞ்சு தருவான்.”

“போன தடவயும் அளவெடுத்துத்தான் வரைஞ்சான்,” என்றான் நீலன். அவன் தலைமுடி செக்கச்செவேல் என்று இருக்கும். அதனால்தான் நீலன். இந்த ஊரில் அப்படித்தான் பேர் வைப்பார்கள். “பாய் தெக்க பாத்து உப்புது, கொடி வடக்க பாத்து பறக்குது. அந்தக் கப்பலப் பாத்து முப்பது வருஷமா மாலுமிங்க சிரிக்கிறானுங்க. நம்ம ஆம்பி வரையட்டும்.”

“ஆம்பி எழுத்துக்காரன். படக்காரன் இல்ல,” என்றார் பர்டி.

“அவன் படத்த நீங்க பாத்ததில்லையா செயலாளரே? எப்படிப் பாப்பீங்க, அதுமேல சாயம் அடிக்கிறவன் நாந்தானே.”

கூட்டம் சிரித்தது. ஆம்புரோஸ் பின்வரிசையில் தொப்பியை முழங்கால்மேல் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் உயர்ந்தது. பர்டி கை கடைசியில் உயர்ந்தது.

படம் வரையக் கோயில் ஹாலைக் கொடுத்தார் பங்குச் சாமியார். கோயில் பண்டிகைக்குக் கடை போடுவதற்குள் முடித்துவிட வேண்டும், தரையில் ஒரு சொட்டு சிந்தக்கூடாது என்று இரண்டு நிபந்தனை. ஆம்புரோஸ் முதலில் போய்க் கப்பல் பாய் தைக்கிறவரிடம் இருப்பதிலேயே தடிமனான பாய்த்துணியை வாங்கி வந்தார். பன்னிரண்டடி அகலம், பதினோரடி உயரம். அதை ஹால் தரையில் விரித்து முழங்கால் போட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

சாயம் அடிக்க அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான். முன்பக்கம் செந்தூரம் இரண்டு பூச்சு, பின்பக்கம் செந்தூரம் இரண்டு பூச்சு. காய்ந்தபின் சாம்பல் நிறத்தில் ஒன்று. அதன்மேல் படம். படத்தின்மேல் எண்ணெய் மெருகு இரண்டு கை. “உப்புத்தண்ணியில முக்கினாலும் இருவது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது,” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பார்க்க வந்தவர்களும் சாயக்காரர்கள்தானே. பூச்சைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நல்ல வேலை என்றார்கள். இது தண்ணீரில் மிதக்கப்போகிற பொருள் இல்லை, காற்றில் ஆள் தூக்கிப்போகிற பொருள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறு வாரம் போனது. ஒரு மத்தியானம் வின்னி தேநீர்க் குவளையோடு வந்தாள். வாசலிலேயே நின்று துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“எங்கய்யா அந்தத் தீபம் பிடிச்ச அம்மா?”

“வரல.”

“ஏன், உன்மேல கோவமா?”

“அவள ஒரு நாளும் நான் குழிக்குள்ள பாத்ததில்ல வின்னி. பாக்காதவள எப்படி வரையிறது?”

அவர் வரைந்திருந்தது கப்பல்தான். ஆனால் எந்தப் பதாகையிலும் வராத கப்பல். அலை இல்லை, பாய் இல்லை, கொடி இல்லை. குழியின் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற கப்பல். வானத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு இறங்கி வருகிற இரும்பு வயிறு. பாதி செந்தூரம், பாதி துரு. ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம். அடியில் கட்டைகளுக்கு நடுவே ஆட்கள். ஒருவன் மல்லாந்து படுத்துச் சுரண்டுகிறான், ஒருவன் தூரிகையைத் தலைக்குமேல் நீட்டுகிறான், ஒருவன் கண்ணில் விழுந்த துருவை மற்றொருவன் கைக்குட்டை நுனியால் எடுக்கிறான். எல்லாருக்கும் முகம் இருந்தது. அவரவர் முகம்.

வின்னி குவளையைத் தரையில் வைத்தாள்.

“இதுக்கு அடியிலயா நிக்கிற?”

“ஆமா.”

“இருவது வருஷமா?”

“இருவத்திமூணு.”

“கட்டை நழுவினா?”

“நழுவாது.”

“நழுவினா?”

“அப்புறம் நீ வேற ஆளப் பாத்துக்கலாம்.”

“யாரு வருவா? உன் சட்டையில செந்தூரத்த தேச்சுத் தேச்சு என் கை உப்புத்தாள் மாதிரி ஆயிப்போச்சு.” அவள் குனிந்து ஒரு முகத்தைக் காட்டினாள். “இது டெட் மாக்கினாலன்தானே? தொப்பியப் பின்னால திருப்பிப் போட்டிருக்கான். அவன் பொண்டாட்டி பாத்தா ஊரக் கூட்டிடுவா.”

பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே துணியைச் சுற்றி வந்தாள். கிளம்பும்போது, “நல்லாருக்கு ஆம்பி,” என்றாள். வின்னி அப்படியெல்லாம் லேசில் சொல்லுகிறவள் இல்லை. இத்தனை வருஷத்தில் பூசணிக்காய்ப் பணியாரத்துக்கு ஒரு தடவை, இதற்கு ஒரு தடவை.

ஊர்வலத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது சனிக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஹாலிலிருந்து வெளியே எடுப்பதற்கே கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. சுருட்டினால் பூச்சு வெடித்துவிடும். கதவைத் தூக்குவதுபோல் நிமிர்த்தித் தண்ணீர் ஓரத்துப் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கழியை நீலனும் டெட் மாக்கினாலனும் இடுப்பு வாரில் சொருகிக்கொண்டார்கள். முன்னால் நாலு இழுகயிறு, பின்னால் நாலு. ஊரில் பாதி வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

பதாகை நிமிர்ந்தது. அப்போது மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது.

பட்டாக இருந்தால் உப்பும், நெளியும், காற்றை ஓரத்தில் வழியவிடும். இது ஏழு பூச்சு ஏறிய பாய்த்துணி. நெளியவே இல்லை. வந்த காற்றை முழுசாக வாங்கிக்கொண்டது. நீலன் பத்தடி பின்னால் ஓடி, அங்கிருந்து பறந்து, புல்லில் உட்கார்ந்தான். டெட் கழியை விடாமல் பிடித்திருந்ததால் கழியோடு சுழன்று ஆம்புரோஸின் காலடியில் வந்து விழுந்தான். கயிற்றுக்காரர்கள் கை எரிய எரியப் பதாகையை மண்ணில் அழுத்தி அதன்மேல் படுத்துக்கொண்டார்கள்.

“ஆம்பி,” என்றான் நீலன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. “கப்பல வரையச் சொன்னா கப்பலயே செஞ்சுட்டியே மாப்ள.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பர்டி சிரிக்கவில்லை.

“தெரு ஓரத்துல கொழந்தைங்க நிக்கும்,” என்றார். “இது யார் தலையிலயாவது விழுந்தா என்ன பதில் சொல்றது? செவ்வாய்க்கிழமை கமிட்டி. அதுக்குள்ள வழி சொல்லு. இல்லன்னா இந்த வருஷம் வெறுங்கையோட நடப்போம்.”

“லாரியில நிறுத்திக் கட்டலாமே,” என்றார் ஒருவர்.

“லாரியில போனா அது சோப்பு விளம்பரம்,” என்றார் பர்டி. “சங்கத்துப் பேனர் கையிலதான் போகும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆம்புரோஸும் வின்னியும் போனார்கள். கோயில் வாசலில், “ஆம்பி, அதக் குழிக்குள்ள இறக்கு, ரெண்டு நாள்ல சுரண்டித் தர்றோம்” என்று ஒருவன் கேலி செய்தான். ஆம்புரோஸ் தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். பூசை முழுக்கத் தலை குனிந்தே இருந்தார். நற்கருணை அப்பம் வாங்க எழுந்தவர், பாதி வழியில் நின்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். வின்னி பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் சுட்ட ஆட்டுத் தொடையை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“உனக்கு வழி தெரியும். ஆனா சொல்ல மாட்டேங்கிற.”

“யாரு சொன்னா?”

“உன் முதுகு சொல்லுச்சு. பூசையில அரை மணி நேரம் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

ஆம்புரோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். குளிர் காலத்தில் குழிக்கு மேல் சாயம் அடிக்கும்போது காற்றுக்குத் தடுப்பாகப் பாய்த்துணி கட்டுவார்கள். சும்மா கட்டினால் சாரத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் நடுவில் பிறைபிறையாகக் கீறிவிடுவார்கள். காற்று வந்தால் கீறின மடல் திறக்கும், போனால் மூடும். அப்படி நூற்றுக்கணக்கான துணிகளை ஆம்புரோஸே தன் கையால் கீறியிருக்கிறார். நீலன் புல்லில் விழுந்த அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வெட்டணும்,” என்றார்.

“எத?”

“கப்பல.”

“எத்தன எடத்துல?”

“பதினாறு. ஓரத்துல வெட்டிப் பிரயோசனமில்ல. நடு வயித்துல வெட்டணும்.”

வின்னி கத்தியை மேசையில் வைத்தாள்.

“நான் வரைஞ்சது எதுவும் ஒரு மத்தியானத்துக்கு மேல இருந்ததில்ல வின்னி. அதுக்காக வருத்தப்பட்டதும் இல்ல. இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பா?”

“தப்பில்ல.”

“கேக்கும்போது தெரியாதுன்னு வாய மூடிக்கிட்டு நின்னேன் பாரு, அதான் தப்பு. அந்த மனசோட நற்கருணை வாங்க முடியல.”

“சரி, நான் ஒண்ணு கேக்குறேன். அத சுவத்துக்குன்னா வரைஞ்ச?”

உருளைக்கிழங்கு ஆறிப்போகிறது என்றாள் வின்னி. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் கமிட்டி ஹாலில் கூடியது. ஆம்புரோஸ் எழுந்து, “சனிக்கிழமையே எனக்கு வழி தெரியும். சொல்ல மனசு வரல. மன்னிக்கணும்,” என்று ஆரம்பித்துத் தடுப்புத் துணி விஷயத்தைச் சொன்னார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் அந்தத் துணிகளைக் கட்டியவர்கள், கீறியவர்கள். அவர்களுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்? தரையில் விரித்திருந்த படத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் ஆம்புரோஸுக்கு விளங்கியது. மூன்று நாளாக வாயைத் திறக்காதவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

“நீ வரைஞ்சத நீ வெட்ட வேண்டாம் மாப்ள,” என்றான் நீலன். அவன் குரலில் கேலி இல்லை. “கத்தியக் கொடு. நான் பண்றேன்.”

“நீ வெட்டினா வாழப்பழத்த வெட்டின மாதிரி இருக்கும். வளைவு ஒண்ணுபோல வரணும்.”

பாய் தைக்கிறவரின் வளைந்த கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆம்புரோஸ் துணிமேல் முழங்கால் போட்டார். குறி போடவில்லை. கப்பலின் மூக்கில் எழுதுகிற அதே கை, அதே மூச்சு. முதல் பிறை இரும்பு வயிற்றின் நடுவில் விழுந்தது. பூச்சு ஏழும் கத்திக்கு அடியில் கரகரவென்று பேசின. இரண்டாவது, மூன்றாவது. பர்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒன்பதாவது பிறை விழ வேண்டிய இடத்தில் டெட் மாக்கினாலனின் தலை இருந்தது. ஆம்புரோஸ் கத்தியைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். தள்ளி வெட்டினால் அந்தப் பக்கம் காற்று தேங்கும்.

“தொப்பி வழியா வெட்டுப்பா,” என்றான் டெட். “என் தலைக்குள்ள கொஞ்சம் காத்து போனா நல்லதுன்னு எம் பொண்டாட்டியும் சொல்லிக்கிட்டேயிருக்கா.”

சிரித்துக்கொண்டே வெட்டினார். சிரிப்பில் கை ஆடவில்லை.

வெட்டின ஓரம் கிழிந்துகொண்டு போகாமல் இருக்கத் தைக்க வேண்டும். அதைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். புதன் முதல் வெள்ளி வரை வின்னியும் டெட்டின் மனைவியும் இன்னும் நாலு பேரும் உள்ளங்கையில் தோல் பட்டை மாட்டிக்கொண்டு, பாய் ஊசியால் பதினாறு பிறைக்கும் விளிம்பு தைத்தார்கள். தைக்கத் தைக்கத் தங்கள் வீட்டு ஆண்கள் நிற்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மறுபடி வெள்ளோட்டம் என்று ஏற்பாடு. அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை. துறைமுகம் கண்ணாடிபோல் கிடந்தது. பதாகை சாதுவாக நின்றது. அதில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

“திங்கட்கிழமையும் இப்படியே இருக்கட்டும்னு மாதாவக் கேட்டுக்கோ,” என்றார் பர்டி. அவர் மாதாவை நம்புகிற சபைக்காரர் இல்லை. அப்படிப்பட்டவரே சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மேற்குக் காற்று துணிக்கொடிகளையெல்லாம் பிய்த்துக்கொண்டிருந்தது.

படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் நகரத்தில் நிறுத்தினார்கள். கட்டி முடியாத பாலத்தின் வளைவு பின்னால் தெரிந்தது. வாத்தியம் கிளம்பியது. கழிகளை நீலனும் டெட்டும் வாங்கிக்கொண்டார்கள். முன் கயிறு நாலும் பின் கயிறு நாலும் ஆள் கைக்குப் போயின. ஆம்புரோஸ் பின்னால் இடது கயிற்றைப் பிடித்தார். காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று அவருக்குத் தெரியும். வேலை இல்லாத ஆட்கள் நூற்றைம்பது பேர், துவைத்த சட்டையும் மெருகேற்றின பூட்சுமாக, அவருக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

முதல் தெருவில் கட்டடங்கள் காற்றை மறைத்துக்கொண்டன. மூலை திரும்பினதும் அது முழு வீச்சில் அடித்தது. நீலன் உடம்பை முன்னால் சாய்த்தான். டெட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆம்புரோஸின் கையில் கயிறு விறைத்தது. “மாதாவே,” என்றார்.

பதினாறு பிறையும் ஒரே நேரத்தில் திறந்தன.

படபடவென்று கைதட்டல்போல் ஒரு சத்தம். மடல்கள் தூக்கிக்கொண்டன, காற்று உள்ளே புகுந்து வெளியே போயிற்று, மடல்கள் மூடின. கழிகள் ஆடவில்லை. மறுபடி ஒரு வீச்சு, மறுபடி திறப்பு, மறுபடி மூடல். கயிறு கையில் தளர்ந்தது. நீலன் ஒரு அடி வைத்தான். டெட் ஒரு அடி வைத்தான். பதாகை நடந்தது.

“என்னடா அது, எலி கடிச்ச கப்பலா?” என்று நடைபாதையிலிருந்து ஒருவன் கத்தினான்.

“அதுவும் மூச்சு விட வேண்டாமாடா?” என்று நீலன் திருப்பிக் கத்தினான். “நீ மட்டுந்தான் விடுவியா?”

ஆம்புரோஸ் நடந்துகொண்டே மேலே பார்த்தார். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குப் படம் ஏது? வெறும் செந்தூரச் சுவர். அவர் பூசினதுதான். அதில் திறந்து மூடுகிற பதினாறு துண்டு வானம். தன் கப்பலைத் தெருவில் பார்க்கிற பாக்கியம் அந்தக் கயிற்றைப் பிடித்தவனுக்கு இல்லை. அதனால் அவர் ஆட்களைப் பார்த்தார்.

இரண்டு ஓரத்திலும் கூட்டம். முன்னால் போன சங்கங்களின் பட்டுப் பதாகைகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம். பால்மெயின் பதாகை கிட்டே வர வர, ஒவ்வொருவர் கையும் நின்றது. ஒவ்வொருவர் முகவாயும் மெல்ல மேலே போயிற்று. தொப்பிக்காரர்கள் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். ஒரு பெரிய மனிதர் வீட்டு அம்மா, கையில் குடையோடு, தானறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தாள். குழியின் தரையில் முதல் நாள் இறங்குகிற புது ஆள் இப்படித்தான் நிற்பான். தலைக்கு மேல் இரும்பு இறங்கி வருவதைப் பார்த்துக் கால் ஒரு அடி பின்னால் போகும். பிறகு அடியில் நிற்கிற மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அவர்கள் முகம் தெரியும். அங்கேயும் அப்படித்தான் நடந்தது. கூட்டத்தின் கண்கள் கீழே இறங்கின. படத்தில் இருக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, கயிறு பிடித்து நடக்கிறவர்களைப் பார்த்தன. கழி பிடித்த டெட்டைப் பார்த்து, “அவன்தான், அந்தத் தொப்பிக்காரன்” என்று யாரோ விரல் நீட்டினார்கள். அப்புறம் கைதட்டல் தொடங்கியது. இந்தத் தடவை அது பட்டுக்குக் கொடுத்த தட்டல்போல் இல்லை.

பால்மெயின் பெண்கள் தபாலாபீஸ் படியில் கும்பலாக நின்றார்கள். வின்னி நடுவில். அவள் கத்தவில்லை, கையாட்டவில்லை. உப்புத்தாள் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து, பக்கத்திலிருக்கிற அந்நியப் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவதை ஆம்புரோஸ் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

சற்றுத் தூரம் போனதும் பர்டி வரிசையை விட்டு அவர் பக்கத்தில் வந்தார். வாத்தியத்துக்கு மேல் குரல் கொடுத்தார்.

“டல்லி! கயித்த இப்படிக் கொடு. முன்னால ஓடிப்போய் ஒரு தடவ பாத்துட்டு வா.”

“வேண்டாம் செயலாளரே.”

“அடப் பாருய்யா! உன் படம்! ஊரே பாக்குது!”

“நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றார் ஆம்புரோஸ். அடுத்த மூலை வந்துகொண்டிருந்தது. கயிற்றை முன்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காற்று வரும் பக்கம் தோளைக் கொடுத்து நடந்தார்.